சும்மா கிடந்த காணி

வீட்டுத்திட்டத்துக்குக் காணி தெரிவுசெய்யும் கூட்டங்களில் "சுற்றாடல்" என்ற சொல் எழுந்தவுடன் எமது பெண்களின் முகம் மாறிவிடுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்கள் தகரக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்தவளுக்கு அந்தச் சொல் இன்னொரு கடிதம், இன்னொரு திணைக்களம், இன்னொரு மாரி என்றுதான் கேட்கும். "மிஸ், மரத்தையும் மிருகத்தையும் பாக்கிறவையை எங்களையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ" என்று ஒரு சகோதரி கூட்டத்திலேயே எழும்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இம்மாதம் அவருக்கும் அவரைப் போன்ற சகோதரிகளுக்கும்தான் எழுதுகிறேன். ஒரு புதிய வீட்டுத்திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது சுற்றாடலைப் பார்க்க வேண்டும் என்பது மரத்துக்காகவும் மிருகத்துக்காகவும் மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல. கிணற்றடியிலும், மலசலகூடத்தின் பின்பக்கத்திலும், மாரியில் தண்ணீர் வந்து நிற்கும் வாசற்படியிலும் அதே கேள்விதான் இருக்கிறது. கேட்காமல் விட்டால் அதற்கான செலவைக் காணியை அங்கீகரித்த உத்தியோகத்தர் கட்டப்போவதில்லை. அவர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். வீட்டுக்காரிக்கு இடமாற்றம் கிடையாது.

வன்னியில் நான் வேலை செய்த ஒரு கிராமத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஐம்பதுக்குச் சற்றுக் கூடிய குடும்பங்கள், அவற்றில் பாதிக்குக் கிட்டப் பெண் தலைமைக் குடும்பங்கள். வீடு கட்டித்தர ஒரு நிறுவனம் முன்வந்தது. காட்டப்பட்ட காணி அரச காணி. றோட்டுக்கரை, மின்சாரக் கம்பி பக்கத்தில், பெரிய மரம் இல்லை, நிலம் மட்டம். ஆடி மாத வெயிலில் வந்து பார்த்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. "சும்மா கிடக்கிற காணிதானே, டோசர் விட்டால் இரண்டு நாள் வேலை" என்று கதை முடியும் நேரத்தில், எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பின்வரிசையில் இருந்தபடி சொன்னார்: "சும்மா கிடக்கேல்லைப் பிள்ளை. மாரியில அதில குளத்துத் தண்ணி கிடக்கும். அதாலதான் ஒருத்தரும் அங்க போகேல்லை."

அது குளத்தின் அலைகரை. குளம் நிரம்பி வான் பாயும் வருடங்களில் தண்ணீர் விரிந்து நிற்கும் இடம். இடப்பெயர்வுக் காலத்தில் குளக்கட்டு உடைந்து கவனிப்பாரற்றுக் கிடந்தது. தண்ணீர் தேங்காத வருடங்களில் பற்றை வளர்ந்து, பார்ப்பவருக்கு அது மேட்டுநிலம் போலவே தோன்றியது. அதே காலத்தில் அந்தக் கட்டைத் திருத்துவதற்கு வேறொரு திட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டைத் திருத்தினால் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தானே வரும்? ஒரு மேசையில் குளத்தை நிரப்பும் கோப்பு, இன்னொரு மேசையில் குளத்துக்குள் வீடு கட்டும் கோப்பு. இரண்டு கோப்பும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

அந்த அம்மாவின் ஒரு வசனத்தால் இடம் மாறியது. அரை மைல் உள்ளே மேட்டுக்காணி கொடுக்கப்பட்டது. மின்சாரம் ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது. பள்ளிக்கூடமும் தூரமாகிவிட்டது. என்னோடு சில மாதங்கள் முகம் கொடுத்துக் கதைக்காத சகோதரிகளும் இருந்தார்கள், அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. பின்னர் 2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் காட்டப்பட்ட அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். புதிய இடமும் முழுதாகத் தப்பவில்லை, பாதை இரண்டு நாள் துண்டிக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அந்தக் கூட்டத்தில் இருந்த இளம் தாய்மாரில் ஒருவருக்கும் அந்தக் காணியைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் முகாம்களில் வளர்ந்தவர்கள், அல்லது வேறு ஊரிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்கள். வான் எது, அலைகரை எது, எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் வாழ்ந்து வாழ்ந்து சேரும் அறிவு. போர் எங்கள் வீடுகளோடு அந்த அறிவையும் கலைத்துவிட்டது. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இடப்பெயர்வின் இழப்புகள் என்று நீளமான பட்டியல் எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் இது இருந்ததாக ஞாபகம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெரிய திட்டங்களுக்கு அனுமதி கொடுக்க முன்னர் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. எவை அத்தகைய திட்டங்கள் என்ற பட்டியல் 1993 ஜூனில் வர்த்தமானியில் வந்தது. அதன்படி 1000 வீடுகளுக்கு மேற்பட்ட வீடமைப்பு, 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டைக் காடல்லாத தேவைக்கு மாற்றுவது, 4 ஹெக்டேயருக்கு மேல் சதுப்பு நிலம் நிரப்புவது, 100 குடும்பங்களுக்கு மேற்பட்டோரைக் கட்டாயமாக வேறிடத்தில் குடியேற்றுவது ஆகியன பட்டியலுக்குள் அடங்கும். விரிவான மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம்.

எமது கிராமங்களில் வரும் திட்டங்கள் 25 வீடு, 50 வீடு, 80 வீடு. ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவை பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 46,000 வீடுகள் வந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பயனாளிகள் தாமாகவே தமது காணியில் 5,50,000 ரூபாய் மானியத்தோடு கட்டியவை. காணிக்காரி தன் காணியில் கட்டுவது ஒரு வீடு. மணல் அள்ளப்பட்ட ஆறுகளும் வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளும் அதை ஒரு வீடாக உணரவில்லை.

அதே பட்டியலில் பலருக்குத் தெரியாத இன்னொரு பகுதி உண்டு. குளத்தின் முழுக் கொள்ளளவு நீர்மட்டத்துக்கு அப்பால் உள்ள ஒதுக்கப் பகுதி, வெள்ளப்பெருக்குப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம், 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள அரச ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் வரும் நிலம் போன்ற இடங்களில் அமையும்போது, பட்டியலில் சொல்லப்பட்ட வகைத் திட்டங்களுக்கு அளவு பார்க்கப்படுவதில்லை. 10 வீடாயினும் கேள்வி கேட்கலாம். நான் சொன்ன அலைகரைக் காணி போன்ற ஓர் இடம் உங்களுக்குக் காட்டப்பட்டால், "ஐம்பது வீடுதானே, இதுக்கெல்லாம் அறிக்கை தேவையில்லை" என்ற பதிலோடு எழும்பி வந்துவிடாதீர்கள்.

குடியேற்றத்தைப் பற்றிய அந்த விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. அவசர நிலைமையில் செய்யப்படும் குடியேற்றத்துக்கு அது பொருந்தாது. குண்டு விழும்போது அறிக்கை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அவசரம் என்ற பெயரில் நடந்ததை எங்களில் பலர் உடம்பால் அறிவோம். 2009இல் செட்டிகுளத்தில் காடு வெட்டி அமைக்கப்பட்ட மனிக் பாம் முகாமில் ஓகஸ்ட் மாதத்து மழைக்கே மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்து கூடாரங்களுக்குள் வந்தன. மாரி இன்னும் தொடங்கவேயில்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்க்காமல் குழி வெட்டினால் அப்படித்தான் நடக்கும். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்கு அல்ல, சீனியாமோட்டையில் காடு வெட்டிய நிலத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போர் முடிந்து மூன்று வருடங்களுக்குப் பிறகும் அது என்ன அவசரம் என்று நான் கேட்பேன்.

யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு வெள்ளத்தைவிடப் பெரிய கேள்வி நிலத்தடியில் இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லில் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீரைத்தான். அந்த நல்ல தண்ணீர் உவர்த்தண்ணீரின் மேல் மிதக்கிறது. மட்டுமீறி இறைத்தால் உவர் மேலே வரும். சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மண்ணில் மெதுவாக வடிந்து சுத்தமாகும் அளவுக்கு அழுக்குக்கு நேரம் கிடைப்பதில்லை, ஒரு வளவில் விட்டது அடுத்த வளவுக் கிணற்றுக்கு விரைவாகப் போய்விடும். சுன்னாகத்தில் எண்ணெய் கலந்து கிணறுகள் பாழானதையும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதற்காக மின் உற்பத்திக் கம்பனி ஒன்றை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டும்படி சொன்னதையும் அறிவீர்கள். எண்ணெய் என்றபடியால் நாற்றம் தெரிந்தது. மலக்குழியின் ஊற்றுக்கு அப்படி நாற்றம் தெரியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நிவாரணப் பணிகளில் உலகமெங்கும் பாவிக்கப்படும் ஸ்பியர் கைநூல், மலக்குழி நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 100 அடி. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டுத்திட்டத்தில் உங்களுக்கு 2 பரப்புக் காணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 74 அடி. ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் மலசலகூடமும் வைத்து, மூலைக்கு மூலை அளந்தால்தான் 100 அடி சற்றுத் தாண்டும். சரி, உங்கள் கிணறு தப்பியது. பக்கத்து வீட்டு மலசலகூடம் எந்த மூலையில்? அதற்கு அடுத்த வீட்டினுடையது? 40 வளவுகளை இப்படி ஒட்டி ஒட்டிப் பிரித்து, வளவுக்கு ஒரு கிணறும் ஒரு குழியும் என்று வரைபடம் போட்டால் அளவு ஓரிடத்தில் இல்லாவிட்டால் இன்னோரிடத்தில் பிழைக்கும்.

வழி இல்லாமல் இல்லை. மேட்டுப் பக்கத்தில் ஒன்றிரண்டு பொதுக்கிணறு, பள்ளப் பக்கத்தில் மலசலகூட வரிசை, அல்லது அடி பூசிய மூடிய தொட்டியும் அதை எடுக்கப் பிரதேச சபையின் மலக்கழிவு ஏற்றும் பவுசரும் என்று முதலிலேயே திட்டமிடலாம். பவுசர் வரக்கூடிய அகலத்தில் ஒழுங்கை விட வேண்டும், அதுவும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். வீடு எழும்பிய பிறகு ஒழுங்கையை அகட்ட எவரும் சம்மதிப்பதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கொதிக்க வைச்சுக் குடிக்கிறம் மிஸ், பிரச்சினை இல்லை" என்று தாய்மார் சொல்வதைக் கேட்கிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கலக்கும் நைத்திரேற்று கொதித்தால் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இதை மறக்கக்கூடாது.

கட்டடப் பொருளைப் பற்றியும் பெண்களிடம் எவரும் கேட்பதில்லை. 2016இல் 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது மாதிரி வீட்டைப் பார்க்கப் போன பெண்கள் கேட்டது மிகச் சாதாரணமான கேள்விகள்: அடுப்பு எங்கே? புகை எதால் போகும்? பங்குனி சித்திரை வெக்கையில் குழந்தையை எங்கே வளர்த்துவது? ஒரு வீட்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்டது. எதிர்ப்பினால் அந்தத் திட்டம் சொன்ன அளவில் நடைமுறைக்கு வரவில்லை. வெக்கை, காற்றோட்டம், விறகு, புகை எல்லாம் சுற்றாடல்தான். அதை அந்தப் பெண்கள் எந்த நிபுணரிடமும் படிக்கவில்லை.

இனி எல்லாவற்றிலும் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மன்னார் முசலிப் பிரதேசத்தவரும் அடங்குவர். இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் அகதி வாழ்வு. அவர்கள் இல்லாத காலத்தில் வளவுகளில் காடு வளர்ந்தது. அவர்கள் திரும்பத் தொடங்கிய நேரத்தில், 2012 ஒக்ரோபரில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற பகுதிகளில் பெரும் நிலம் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தது. மறுபக்கத்தில் மீள்குடியேற்றத்துக்கென்று காட்டு நிலம் விடுவிக்கப்பட்டு வெட்டப்பட்டது, வீடுகள் எழும்பின. 2015இல் "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்று நாடெங்கும் கூச்சல். வழக்கு நடந்து, 2020 நவம்பர் 16ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு காட்டுப் பகுதி துப்புரவாக்கப்பட்டது சட்டவிரோதம் என்றும், அதே அளவு நிலத்தில் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

இதை வாசிக்கும் சிலர், "பாத்தீங்களா, சுற்றாடல் எண்டு சொல்லி அகதியை அடிக்கிறாங்கள்" என்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. முகாம் அமைக்கவும் பாதை போடவும் காடு வெட்டப்பட்டபோது இவ்வளவு சத்தம் எழவில்லை. ஊர் திரும்பிய ஏழை கத்தி எடுத்தவுடன்தான் காடு எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. ஆனாலும் என் அபிப்பிராயம் இதுதான்: அந்த மக்களுக்குச் செய்யப்பட்ட பெரிய அநியாயங்களில் ஒன்று, அவர்களுடைய குடியேற்றத்தைக் குறுக்கு வழியில் செய்தது. ஒழுங்கான மதிப்பீடு ஒன்று நடந்திருந்தால், அந்த இடத்தில் முன்னர் இருந்த வளவு, கிணறு, பள்ளிவாசல், வயல், பழைய உறுதி எல்லாம் அறிக்கையில் பதியப்பட்டிருக்கும். எது பழைய ஊர், எது உண்மையில் காடு என்று கோடு போடப்பட்டிருக்கும். 30 நாட்களுக்குள் அந்தப் பெண்களும் தம் பெயரில் எழுதியிருக்கலாம். அது நடக்காதபடியால், அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் எடுத்த முடிவுக்கு "காடழித்தவர்கள்" என்ற பெயர் வீட்டுக்காரிகளின் தலையில் விழுந்தது.

காலம் போய்விடும், காசு திரும்பிப் போய்விடும் என்ற பயம்தான் எல்லாக் கூட்டங்களையும் ஆள்கிறது. டிசெம்பர் 31க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு போய்விடும் என்பது பொய்யல்ல. அதனால்தான் இந்தக் கேள்விகளை ஐப்பசியில் அல்ல, தை மாசியிலேயே கேட்க வேண்டும். தையில் இன்னொரு வசதியும் உண்டு: நிலத்தில் ஈரம் இருக்கும், தண்ணீர் நின்ற கோடு மரத்தில் தெரியும், புல்லைப் பார்த்தே பள்ளத்தைச் சொல்லலாம். போகும்போது ஊரின் வயதுபோன இரண்டு அம்மாமாரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு அவர்கள் நடக்கட்டும். கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் கூலிக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள், அதை மாற்றும்படி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினூடாகக் கேளுங்கள். வரவுப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் வரும் பழக்கமும் எங்களிடம் உண்டு.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம், அல்லது 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே அதைப் பற்றிப் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு அப்படி அறிவித்தார்கள்? பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தமிழில் கையால் எழுதிக் கொடுத்தாலே போதும், எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. வீட்டுத்திட்டக் காணியின் வரைபடம், குளத்து ஒதுக்க எல்லை அதில் எங்கே வருகிறது, கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கப்பட்டதா, சுற்றாடல் அதிகார சபையிடம் எழுத்தில் கேட்கப்பட்டதா, மணலும் கிரவலும் எந்த இடத்திலிருந்து எந்த அனுமதிப்பத்திரத்தில் வருகின்றன என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கடிதம் கொடுக்கும்போது கிடைத்ததற்கான துண்டை வாங்காமல் வராதீர்கள். அதைக் குடும்ப அட்டை வைக்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.